வார்டனிடம் சொன்னது புகார் ஆகுமா?

ஏழு பக்கக் கடிதம். எழுதியவர் தமிழ்நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் 26 வயதுப் பெண், விடுதியில் தங்கியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர். வழியில் ஒரு வேப்பந்தோப்பு, பாதி விளக்கு எரியாத சாலை. சோதனை ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் இவர் விடுதி திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பைக்கில் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக இவர் பின்னாலேயே வந்தார். அடுத்த வாரமும் வந்தார். முகம் தெரியாத ஆள் அல்ல, வளாகத்தில் ஏ.சி. பழுது பார்க்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவர், இவருடைய ஆய்வகத்துக்கே இரண்டு முறை வந்து போனவர். அப்புறம் புது எண் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் "இன்னிக்கு லேட்டா?" என்று ஒரு செய்தி. "யார் நீங்க? இனிமே மெசேஜ் பண்ணாதீங்க" என்று பதில் போட்டிருக்கிறார். மேலும் ஐந்து செய்திகள் வந்தன. எண்ணை பிளாக் செய்தார். பத்து நாட்களுக்கு முன் அந்த ஆள் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, கைபேசியில் இவரைப் படம் எடுத்து, "உங்க ரூம் ஜன்னல் எதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்.

இவர் சும்மா இருக்கவில்லை. வார்டனிடம் மூன்று முறை, கேட் காவலாளியிடம் ஒரு முறை, ஆய்வு நெறியாளரிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார். "வெளியே தெரிஞ்சா உன் பேருதாம்மா கெடும், எட்டு மணிக்குள்ள வந்துடு" என்றார் வார்டன். "அந்த நேரத்துல தனியா ஏம்மா வர்றீங்க?" என்றார் காவலாளி. "பேப்பர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் நெறியாளர். போன வாரம் பெண்கள் விடுதிக்கு மட்டும் நுழைவு நேரத்தை ஒன்பதரையிலிருந்து எட்டாகக் குறைத்து அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பக்கத்து அறைப் பெண்கள், "உன்னாலதான்" என்று முகம் திருப்பிக்கொள்கிறார்களாம்.

கடிதத்தின் கடைசியில் வரிசையாகச் சந்தேகங்கள். வளாகத்துக்குள் போலீஸ் வர துணைவேந்தர் அனுமதி வேண்டுமாமே? அந்த ஆள் மாணவரோ ஆசிரியரோ இல்லை, உள்ளகப் புகார்க் குழு அவரை விசாரிக்க முடியாதாமே? குழுவிடம் புகார் கொடுப்பதற்கான மூன்று மாதக் கெடுவும் முடிந்துவிட்டதே? போலீஸுக்குப் போனால் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு ஆனதுபோல என் விவரமும் வெளியே வந்துவிடாதா? மெசேஜுக்கு நான் பதில் போட்டது தப்பா? அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே கூட்டிப் போய்விடுவார். நான் ஐந்து முறை சொல்லியும் எதுவும் நடக்கவில்லை, இனி என்ன செய்ய?

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து முறை சொன்னேன் என்கிறீர்கள். நாளை யாராவது, "இந்தப் பெண் எப்போது புகார் கொடுத்தார்?" என்று கேட்டால், உங்கள் பல்கலைக்கழகத்தின் கோப்பில் அதற்கு என்ன பதில் இருக்கும்? ஒரு தாளும் இருக்காது. நீங்கள் சொன்னீர்கள், அவர்கள் கேட்டார்கள், காற்றோடு போயிற்று. இதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கேட்ட மூன்று பேரில் ஒருவராவது, "எழுதிக் கொடும்மா, நான் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஒரு கல்லூரியின் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தபோது இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. அந்த மாணவியும் விடுதிப் பொறுப்பாளரிடம் பலமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். விசாரணையில் அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, "பொதுவா ஏதோ பயமா இருக்குன்னு சொன்னா, குறிப்பா எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லை" என்றார். பொய் சொன்னாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணிடம் தேதி போட்ட ஒரு மின்னஞ்சல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வார்டனிடம் சொன்னவற்றையும் எழுத்தாக்கிவிடலாம். "இன்ன தேதிகளில் தங்களிடம் நேரில் தெரிவித்தபடி" என்று தொடங்கி அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுக்க நினைத்தால் அவர் அதற்கும் எழுத்தில்தான் மறுக்க வேண்டியிருக்கும்.

கதவு ஒன்றல்ல, இரண்டு

உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போனால் போலீஸுக்குப் போக முடியாது, அல்லது முதலில் குழு முடிவு சொன்ன பிறகுதான் போலீஸ் என்று உங்கள் விடுதியில் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனிக் கதவுகள். ஒரே நாளில் இரண்டையும் தட்டலாம். நீங்கள் போலீஸுக்குப் போக விரும்பினால் அதற்கு உதவுவது நிறுவனத்தின் கடமை என்றே விதி சொல்கிறது.

முதல் கதவு பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருப்பது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, தனியாக 2015 விதிமுறைகளைக் கொண்டுவந்தது. இதன்படி குழுவுக்குத் தலைவர் ஒரு மூத்த பெண் பேராசிரியர். ஆசிரியர், அலுவலர் தவிர வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. குழுவில் யார் யார் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வளாகத்தில் அந்தப் பட்டியலை நீங்கள் எங்கும் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே ஒரு விதிமீறல்தான், புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள்.

"அந்த ஆள் எங்கள் ஊழியரே இல்லை" என்று சொல்வார்கள். விட்டுவிடாதீர்கள். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வருகிறவரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்தான். அது மட்டுமல்ல, யுஜிசி விதிமுறை மூன்றாம் நபர் செய்யும் துன்புறுத்தலையும் தனியாகக் குறிப்பிடுகிறது: வெளியாளாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் துணை நிற்க வேண்டும். அவரை அந்த வளாக வேலையிலிருந்து உடனே மாற்றச் சொல்லி ஒப்பந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப, பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பெரிய விசாரணையும் தேவையில்லை. ஒரு நாள் வேலை அது.

மூன்று மாதக் கெடு பற்றி: தொடர்ச்சியாக நடந்தவற்றுக்குக் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. உங்களுக்கு அது பத்து நாட்களுக்கு முன். இன்னும் ஏறக்குறைய எண்பது நாள் கையில் இருக்கிறது. ஒருவேளை தாண்டியிருந்தாலும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை இடைக்கால ஏற்பாடுகளைக் கேட்கலாம். அந்த ஆள் உங்கள் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் பக்கத்தில் வரக் கூடாது என்பது முதலாவது. உங்களுக்கு விடுப்பு தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை, உதவித்தொகையோ நிலையோ பாதிக்காமல் கேட்கலாம் என்பது இரண்டாவது. நெறியாளர் பேப்பரைக் காரணம் காட்டுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புகார் கொடுத்ததற்காக உங்கள் ஆய்வில் கை வைத்தால் அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். இதை அவருக்கும் தெரியப்படுத்துங்கள், பணிவாகவே.

குழுவில் "சமாதானமாப் போயிடலாமே" என்று யாராவது தொடங்கக்கூடும். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் கைமாறாமல். நீங்கள் கேட்கவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போலீஸுக்கு யார் அனுமதியும் வேண்டாம்

வளாகத்துக்குள் போலீஸ் நுழைய துணைவேந்தர் அனுமதி வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. போராட்டக் காலங்களில் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வருவது பல இடங்களில் வழக்கமாகி, அந்த வழக்கமே நாளடைவில் சட்டம்போலப் பேசப்படுகிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருந்தால் அது தெருவா, வளாகமா என்ற வேறுபாடு கிடையாது. புகார் கொடுக்க உங்களுக்கும் வார்டன் கையெழுத்தோ, பதிவாளர் கடிதமோ தேவையில்லை.

தலைகீழாக, தகவலைப் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்குத்தான் இருக்கிறது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு, தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு அது. ஒரு காவலர் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்ட விவகாரம். கல்வி நிலையம், கோயில், திரையரங்கு, பேருந்து நிலையம் இவற்றின் பொறுப்பாளர்கள், தங்கள் எல்லைக்குள் பெண்கள் சீண்டப்படுவதாகப் புகார் வந்தால் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ மகளிர் உதவி மையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதில் கட்டளையிட்டது. உங்கள் வார்டன் "வெளியே தெரியக் கூடாது" என்று சொன்னது அக்கறையால் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உச்ச நீதிமன்றம் அவரிடம் எதிர்பார்த்தது இதற்கு நேர் எதிரானது.

இனி, எந்தப் பிரிவு? படம் எடுத்ததை வைத்து ஒரு பிரிவை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். அது பொருந்தாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் தனிமையில், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கும்போது பார்ப்பதையும் படமெடுப்பதையும் பற்றியது. சாலையில் நடந்து வரும்போது எடுத்த படம் அதற்குள் வராது. உங்களுக்கு உரியது 78, அதாவது பின்தொடர்தல். பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். இந்த மத்தியச் சட்டப்படி முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை, ஜாமீனும் எளிதல்ல. முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால், கைதானாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் மனம் உடையக் கூடாது. அதனால்தான் இரண்டாம் கதவோடு முதல் கதவும் முக்கியம். ஆளை வளாகத்தை விட்டு அகற்றுவதைக் குற்றவியல் நீதிமன்றத்தைவிட உங்கள் பதிவாளர் வேகமாகச் செய்துவிட முடியும்.

"மெசேஜுக்குப் பதில் போட்டது தப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு உங்களைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. "இனிமே மெசேஜ் பண்ணாதீங்க" என்ற அந்த ஒரு வரிதான் விருப்பமின்மைக்கு எழுத்துபூர்வமான சாட்சி. அதற்குப் பிறகு வந்த ஐந்து செய்திகளும் குற்றத்தின் சாட்சி. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. மூலம் உங்கள் கைபேசியில் அப்படியே இருக்க வேண்டும். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். வழக்கு முடியும்வரை கைபேசியை மாற்ற வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிட வேண்டாம். சிரிக்காதீர்கள், அப்படியும் நடந்திருக்கிறது.

காவல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். நீங்கள் போகவேண்டியது பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம். வேறு எந்த நிலையத்துக்குப் போனாலும், "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பார்க்காமல் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். இந்த வகைக் குற்றங்களில் உங்கள் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை வேறு. அதன் நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்; அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதே என்ற கவலை வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நடுவழியில் அவசரம் என்றால் 112, மகளிர் உதவிக்கு 181.

பெயர் வெளியே வந்துவிடுமா?

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி, வெளியாள் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அவர் துணிந்து கோட்டூர்புரம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அந்த முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு, வெளியே கசிந்தது. புகார் கொடுத்தவருக்கு இரண்டாவது அடி அது. யாருக்கும் கோபம் வரும்.

ஆனால் அந்த வழக்கை அதோடு நிறுத்திவிட்டுப் பேசுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். மிச்சத்தையும் பாருங்கள். புகார் கொடுத்த இரண்டு நாளில் ஆள் பிடிபட்டான். வளாகத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தவன். டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 மே 28-ல் மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஜூன் 2-ல் ஆயுள் தண்டனை, 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லை. புகாரிலிருந்து தீர்ப்புவரை ஐந்தே கால் மாதம். நம் நீதிமன்றங்களில் இது எவ்வளவு அபூர்வமான வேகம் என்பது என்னைப் போல வாய்தாவுக்கு அலைகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் வழக்கும் அவ்வளவு வேகமாக நகரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். அந்தப் பெண் புகார் கொடுத்திராவிட்டால் அவன் மறுநாளும் அதே கேட் வழியாக உள்ளே வந்திருப்பான் என்பதை மட்டும் சொல்வேன்.

உங்கள் நிலைக்கு வருவோம். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அந்தப் பிரிவு பின்தொடர்தல் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தாது; இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. அதற்கு மாற்று வழி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு தந்திருக்கிறது. "எனது புகார் அந்த வகையைச் சேர்ந்தது, ஆகவே இணையத்தில் பதிவேற்ற வேண்டாம்" என்று புகார் மனுவிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். உள்ளகப் புகார்க் குழுவின் நடவடிக்கைகளைப் பொறுத்தவரை ரகசியம் காப்பது சட்டப்படியே கட்டாயம். பெயரை வெளியிட்டால் அபராதம் உண்டு.

விடுதி வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வம்பை எந்தச் சட்டமும் முழுதாகத் தடுக்காது. அது ஏற்கனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லையா? "உன்னாலதான்" என்கிறார்களே.

அந்த எட்டு மணி அறிவிப்பு

கடிதத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது பைக்கில் வந்தவன்கூட இல்லை, இந்த அறிவிப்புதான். ஒரு ஆண் பின்தொடர்கிறான். பூட்டப்படுவது பெண்கள் விடுதி. ஆண்கள் விடுதிக்கு நேரம் மாறவில்லை. பின்தொடர்ந்தவனுடைய நுழைவுச் சீட்டும் மாறவில்லை.

யுஜிசியின் அதே 2015 விதிமுறையில் இதற்கு நேராகவே பதில் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது; பாதுகாப்பு என்ற பெயரில் கண்காணிப்பை அளவு மீறி ஏற்றி, பெண்கள் நடமாடும் சுதந்திரத்தைக் குறைக்கக் கூடாது. அதோடு நிற்கவில்லை. பெரிய வளாகங்களில் விடுதி, நூலகம், ஆய்வகம் இவற்றுக்கு இடையே நம்பகமான போக்குவரத்து வேண்டும், மாணவர்கள் ஆய்வகத்தில் நேரம் கழித்து வேலை செய்ய அது உதவும் என்கிறது. போதுமான விளக்கு வசதியும் அதில் உண்டு. உங்கள் வேப்பந்தோப்புச் சாலையைப் பார்த்துவிட்டு எழுதியதுபோலவே இருக்கிறது.

எனவே இரண்டு தாள்கள் தயார் செய்யுங்கள். ஒன்று உங்கள் பெயரில், உங்களுக்கு நடந்தது பற்றி. இன்னொன்று விடுதிப் பெண்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, எந்தத் தனி நபர் பெயரும் இல்லாமல், பதிவாளருக்கு: நேரக் கட்டுப்பாட்டை விலக்குங்கள், எரியாத விளக்குகளை எரியச் செய்யுங்கள், இரவு பத்து மணி வரை ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு ஒரு வண்டி விடுங்கள். விளக்குக் கம்ப எண்களைக் குறிப்பிட்டே எழுதுங்கள். "போதிய வெளிச்சம் இல்லை" என்றால் கோப்பில் தூங்கும், "17, 18, 21-ஆம் கம்பங்கள் எரியவில்லை" என்றால் மின் பிரிவு எழுந்து போக வேண்டியிருக்கும். முகம் திருப்பிக்கொண்ட பக்கத்து அறைப் பெண்களிடமே இதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு போடுவார்கள் என்று நினைக்கிறேன். எட்டு மணிக் கதவு அவர்களுக்கும் அடைக்கிறதே.

ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். குழு உறுப்பினர் பட்டியல், கடந்த மூன்று ஆண்டில் வந்த புகார்களின் எண்ணிக்கை, வேலை செய்யும் கேமராக்களின் எண்ணிக்கை.

கேமரா என்றதும் நினைவுக்கு வருகிறது, இது அவசரம். பல இடங்களில் சிசிடிவி பதிவு 15 நாளிலோ 30 நாளிலோ தானாக அழிந்து, புதுப் பதிவு அதன்மேல் ஏறிவிடும். உங்களுக்குப் பத்து நாள் ஏற்கனவே போய்விட்டது. புகார் முழுதாகத் தயாராகும்வரை காத்திராமல், அந்த இரவின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி நாளைக் காலையே பதிவாளருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் மூன்றே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாலை, தேதி, நேரம். போதும்.

செய்ய வேண்டாதவை

உங்கள் துறை நண்பர்கள், "நாலு பேர் போய் நாங்களே கவனிச்சுக்கிறோம்" என்று சொன்னார்களாம். நல்ல பையன்கள், நன்றி சொல்லி நிறுத்துங்கள். கை வைத்தால் அடுத்த நாள் அவன் புகார்தாரர், இவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். உங்கள் வழக்கு இரு தரப்புச் சண்டையாகக் கரைந்துவிடும். உங்களுக்காக நிற்க ஆசைப்பட்டால் சாட்சிக்கு வரட்டும், இரவில் உடன் நடந்து வரட்டும். அவன் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். அவதூறு என்று திருப்புவான், அதைவிட முக்கியமாக எச்சரிக்கையாகித் தன் கைபேசியைத் துடைத்துவிடுவான்.

அப்பா விஷயம் சட்டப் பிரச்சினை அல்ல. நீங்கள் வயது வந்தவர். குழுவோ போலீஸோ அவருக்குத் தெரிவித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வீட்டில் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. அம்மாவைவிட அத்தையிடம் எளிதாகப் பேசுவேன் என்று நீங்களே நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அத்தையிடம் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் அவரையே கூட்டிப் போங்கள். அப்பாவிடம் சொல்லும் நாள் வந்தால், "இப்படி ஆயிற்று, என்ன செய்வது?" என்று கேட்பதைவிட, "இப்படி ஆயிற்று, இன்னின்னது செய்திருக்கிறேன்" என்று நகலோடு உட்காருவது வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் காவலாளி மேல் உங்களுக்குக் கோபம், நியாயம்தான். ஏஜென்சி மூலம் வந்து பன்னிரண்டு மணி நேரம் நின்று, ஒரு டார்ச்சும் விசிலும் வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு, இப்படிப் புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றே யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். அவரை எதிரியாக்காதீர்கள். பத்து நாட்களுக்கு முன் அந்த பைக் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது போனது என்று அவர் கையில் இருக்கும் நோட்டு சொல்லும்.

நோட்டு என்றதும் இன்னொன்று. உங்கள் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று புரியவில்லை என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இரவு தாமதமாக வரும் பெண்கள் கேட்டில் இருக்கும் பதிவேட்டில் பெயர், அறை எண், கைபேசி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அது மேசைமேல் திறந்தே கிடக்கும் என்று. அறை எண்ணும் அதிலேதான் இருக்கிறது. அங்கிருந்துதான் எடுத்தான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விசாரணை அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது அதுதான். புகாரில் இதைக் குறிப்பிடுங்கள். பதிவேட்டை அப்படித் திறந்து போடக் கூடாது என்பதைப் பொது மனுவிலும் நான்காவது கோரிக்கையாகச் சேருங்கள்.

புகாரை எழுத உட்காரும்போது கடைசிச் சம்பவத்தை முதல் பத்தியில் வையுங்கள், நான்கு மாதக் கதையைத் தேதி வரிசையில் அதற்குக் கீழே. ஆங்கிலம் தேவையில்லை, தமிழிலேயே எழுதுங்கள். அவன் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே மேற்கோளில் போடுங்கள். மூன்று நகல்: குழுவுக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி உங்கள் கையில் ஒன்று. கையெழுத்துக்குக் கீழே உங்கள் கைபேசி எண்ணை எழுதுங்கள். கேட் பதிவேட்டில் இன்று இரவு கேட்டால் விடுதி அலுவலக எண்ணை எழுதிவிட்டு வாருங்கள்.